பிக்கப்பை விற்பதா, வைத்துக்கொள்வதா: பென்சில்வேனியக் குடும்பம் ஒன்றின் எரிபொருள் கணக்கு

ஆய்வின் எல்லை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், கார்பன் கவுண்டியில் வசிக்கும் ஒரு குடும்பம், பின்புறம் திறந்த சரக்குப் பெட்டி கொண்ட தன் முழு அளவு பிக்கப் வண்டியைப் பற்றி 2022 ஜூன் முதல் 2024 இலையுதிர்காலம் வரை எடுத்த முடிவுகளை இந்தக் கட்டுரை பதிவுசெய்கிறது. குடும்பத் தலைவரும் நானும் லீஹை பள்ளத்தாக்கிலுள்ள ஒரே சரக்குக் கிடங்கின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறோம். வண்டியை மாற்றலாமா என்று அவர் போட்டுவைத்திருந்த கணக்கைச் சரிபார்த்துத் தரும்படி கேட்டதால் நான் இதற்குள் வந்தேன். அவர்களுடைய அனுமதியோடு எழுதுகிறேன். பெயர்களையும், அவர்கள் வைத்திருக்கும் வண்டிகளைத் தயாரித்த நிறுவனங்களையும் விட்டுவிட்டேன்.

அங்கே மைல், கேலன், பவுண்டு என்றே எல்லாம் அளக்கப்படுவதால் இங்கும் அவற்றையே பயன்படுத்துகிறேன். ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். எனவே கேலனுக்கு 17 மைல் என்பது லிட்டருக்கு 7.2 கிலோமீட்டர் ஆகும்.

குடும்பமும் வண்டிகளும்

கணவர், மனைவி, பள்ளியில் படிக்கும் ஒரு மகன் என மூவர் கொண்ட குடும்பம். வீடு லீஹைட்டன் ஊருக்கு வெளியே செங்குத்தான ஒரு சரிவின் மேல் இருக்கிறது. கணவரின் வேலை 78ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய கிடங்குகளில் ஒன்றில். டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையின் வடகிழக்குக் கிளை வழியாகப் போனால் ஒருபுறம் ஏறத்தாழ 30 மைல். மனைவி பள்ளிச் செவிலியர். அவருடைய பள்ளி வீட்டிலிருந்து 7 மைல் தொலைவில் இருக்கிறது.

கணவர் ஓட்டியது 2017ஆம் ஆண்டின் முழு அளவு பிக்கப்: எட்டு சிலிண்டர் இன்ஜின், நான்கு சக்கர இயக்கம், நான்கு கதவுகள், கடன் முழுவதும் அடைக்கப்பட்டது, ஓடியது 79,000 மைல். மனைவி ஓட்டியது 2014ஆம் ஆண்டின் சிறிய செடான். எட்டு ஆண்டுகளில் 58,000 மைலே ஓடியிருந்தது. தொலைவு அதிகமுள்ளவரிடம் அதிகம் குடிக்கும் வண்டியும், தொலைவு குறைந்தவரிடம் சிக்கன வண்டியும் இருந்ததை அந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்டதில்லை. டிரக் அவருடையது, கார் அவளுடையது என்ற வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. அமெரிக்காவின் சிற்றூர்களில் இது சர்வ சாதாரணம்.

பிக்கப் வைத்திருப்பதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் மூன்று. முதலாவது நிலக்கரி. கார்பன் கவுண்டி ஆந்திரசைட் என்னும் கடினவகை நிலக்கரி விளையும் பூமி. அங்கே இன்றும் பல வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக்குவது அடித்தளத்தில் எரியும் கரியடுப்புதான். இவர்கள் வீட்டு அடுப்பு, அரிசிமணி போல் சிறிதாக உடைத்துச் சலித்த கரியைத் தானாகவே தள்ளி எரிக்கும் வகை. ஒரு குளிர்காலத்துக்கு நான்கு டன் ஆகும். இரண்டாவது, ஆண்டுக்குச் சில முறை ரிக்கெட்ஸ் க்ளென், ப்ராமிஸ்ட் லேண்ட் போன்ற மாநிலப் பூங்காக்களுக்கு இழுத்துச் செல்லும் கேம்பர், அதாவது தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி. மூன்றாவது, பனிக்காலத்தில் அந்தச் சரிவு.

2022 ஜூன்: கேள்வி எழுந்த விதம்

2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு கச்சா எண்ணெய் விலை ஏறியது. மார்ச்சில் ரஷ்ய எண்ணெய் இறக்குமதியை அமெரிக்கா தடைசெய்தது. சுத்திகரிப்புத் திறன் ஏற்கெனவே சுருங்கியிருந்தது. கிழக்குக் கரையின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலையாக இருந்த பிலடெல்பியா ஆலை, 2019 ஜூனில் நடந்த தீவிபத்துக்குப் பின் திறக்கப்படவே இல்லை. இவற்றோடு பென்சில்வேனியாவின் பெட்ரோல் வரி அப்போது கேலனுக்கு 57.6 சென்ட், கூட்டாட்சி வரி 18.4 சென்ட் தனி. ஜூன் நடுவில் நாட்டின் சராசரி விலை வரலாற்றில் முதன்முறையாக 5 டாலரைத் தாண்டியபோது, கணவரின் பிக்கப்பில் தொட்டியை நிரப்ப நூறு டாலருக்கு மேல் ஆனது.

அவர் போட்ட முதல் கணக்கு எளிமையானது: 'சின்ன டிரக் வாங்கினால் பெட்ரோல் பாதியாகும், பழையதை விற்ற பணம் புதியதற்குச் சரியாகப் போகும்.' கொரோனாக் காலத் தட்டுப்பாட்டால் பழைய வண்டிகளின் விலை உச்சத்தில் இருந்ததும் இந்த நம்பிக்கைக்குக் காரணம். ஒரு டீலர் அவருடைய வண்டிக்கு 29,500 டாலர் தருவதாக எழுத்திலேயே கொடுத்திருந்தார். ஐந்து வயதுப் பிக்கப்புக்கு அப்படி ஒரு விலை சாதாரணக் காலத்தில் கிடைக்காது. அந்தச் சலுகை பத்து நாள் வரைதான் செல்லும் என்பதால் வீட்டில் அவசரம் தொற்றிக்கொண்டது.

முதலில் அளந்தவை

முடிவுக்கு முன் இரண்டு விஷயங்களை அளக்கச் சொன்னேன்: எந்த மைல் எதற்காக ஓடுகிறது, உண்மையில் எவ்வளவு எரிகிறது. வண்டியின் திரையில் தெரியும் சராசரி சற்றுத் தாராளமாகவே காட்டும் என்பதால், ஒரே நிலையத்தில் ஒரே பம்பில் முதல் 'க்ளிக்' வரை நிரப்பி, ஓடிய மைலை நிரப்பிய கேலனால் வகுக்கும் பழைய முறையையே அவர் பின்பற்றினார்.

பிக்கப்புக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தரும் கலப்பு மதிப்பு (நகர ஓட்டமும் நெடுஞ்சாலை ஓட்டமும் சேர்ந்தது) கேலனுக்கு 18 மைல். அவருடைய வேலைப் பயணத்தில் 17 கிடைத்தது. டர்ன்பைக்கில் வேக வரம்பு 70 மைல், அவர் ஓட்டியது 75 வரை. 50 மைல் வேகத்தைத் தாண்டியபின் காற்றுத் தடை கூடக்கூட எரிபொருள் சிக்கனம் விரைவாகச் சரியும் என்பது தெரிந்த விஷயமே. 65ஐத் தாண்டாமல் ஓட்டிய ஒரு வாரத்தில் அதே வண்டி 18.5 தந்தது. ஆனால் அந்தச் சாலையில் பெரிய லாரிகளுக்கு இடையே தினமும் 65இல் போவது தன்னால் ஆகாது என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். எனவே கணக்கில் 17ஐயே வைத்தோம்.

ஆண்டுக் கணக்கு இப்படி வந்தது. கணவரின் வேலைப் பயணம் 13,800 மைல், 812 கேலன். மனைவியின் பள்ளிப் பயணமும் கடைகண்ணிப் பயணமும் சேர்ந்து 4,000 மைல். சிறு தூரம் என்பதால் செடான் கேலனுக்கு 27 மைல்தான் தந்தது, அதற்கு 148 கேலன். குடும்பமாகச் செல்லும் நீண்ட பயணங்கள் செடானில் 3,000 மைல், 88 கேலன். கேம்பர் இழுப்பது, கரி ஏற்றுவது, குப்பை கொட்டுவது போன்ற பிக்கப்பின் 'சொந்த' வேலைகள் மொத்தம் 2,000 மைல், 160 கேலன். இதில் பாதி கேம்பர் இழுத்த 800 மைலுக்கே போனது. ஆக வீடு முழுவதற்கும் 1,208 கேலன்.

இந்த எண்களில் என் கண்ணில் முதலில் பட்டது மொத்தம் அல்ல. பிக்கப் ஓடிய 15,800 மைலில் பிக்கப்பாக இருக்க வேண்டிய தேவை இருந்தது 2,000 மைலுக்கு மட்டுமே. எஞ்சிய 13,800 மைலும் ஒரு மனிதர், ஒரு சாப்பாட்டுப் பை, ஒரு காப்பிக் குடுவை ஆகியவற்றைச் சுமந்தவைதான்.

கரியும் கேம்பரும்

பாரத்தைப் பற்றி அவர்கள் நம்பியிருந்ததும் உண்மையும் வேறாக இருந்தன. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் மஞ்சள் வெள்ளை நிறத்தில் ஒரு சிறிய தாள் ஒட்டப்பட்டிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். விளம்பரத்தில் சொல்லும் உச்ச அளவு வேறு. குறிப்பிட்ட அந்த வண்டிக்கு, அதில் பொருத்திய வசதிகளின் எடையையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதே இந்த எண். இவர்களுடையதில் 1,610 பவுண்டு என்று இருந்தது. கரிக்களத்தில் அவர் ஒவ்வொரு முறையும் ஏற்றிவந்தது ஒரு டன், அதாவது 2,000 பவுண்டு. ஓட்டுபவரின் எடையைச் சேர்த்தால் ஐந்து குளிர்காலங்களாக ஒவ்வொரு நடையிலும் ஏறத்தாழ 600 பவுண்டு கூடுதலாக ஏறியிருக்கிறது. பின்பக்க வில்பட்டைகள் தட்டையாகி, வண்டியின் பின்புறம் வெறுமையாக நிற்கும்போதே சற்றுத் தாழ்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தார்.

பிக்கப்பை வைத்திருக்க முதல் காரணமாகச் சொல்லப்பட்ட வேலையே அந்தப் பிக்கப்பால் முறையாகச் செய்யக்கூடியதாக இல்லை. மாற்று வழியோ ஊரிலேயே இருந்தது. பெட்டியை உயரத் தூக்கும் லாரியில் கரியைக் கொண்டுவந்து, அடித்தளச் சன்னல் வழியே சரிவுத்தகடு வைத்து நேராகக் கரித்தொட்டியில் கொட்டிவிட்டுப் போவது அந்தப் பகுதிக் கரி வியாபாரிகள் நெடுங்காலமாகச் செய்துவருவது. நான்கு டன்னையும் ஒரே தவணையில் இறக்க அவர்கள் கேட்ட கூடுதல் கட்டணம் 45 டாலர். நான்கு நடைப் பெட்ரோலும், மண்வெட்டியால் அள்ளிப்போடும் நான்கு சனிக்கிழமைகளும் இதைவிட மலிவாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

கேம்பர் வேறு கதை. நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தின் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தபோது, தண்ணீர், எரிவாயு, சாமான்கள் எல்லாம் சேர்ந்து 4,300 பவுண்டு இருந்தது. இழுவையின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொக்கியின் மேல் இறங்க வேண்டும், அதுவும் வண்டியின் பாரத்தில் சேரும் என்பதால், இது முழு அளவு பிக்கப்புக்கு எளிது, நடுத்தரப் பிக்கப்புக்குப் போதும், சிறிய பிக்கப்புக்கு இயலாது. பிக்கப்பை உண்மையிலேயே கட்டாயமாக்கியது இந்தக் கேம்பர் ஒன்றுதான்.

முன்னிருந்த வழிகள்

முதல் வழி, டொயோட்டா டகோமா, போர்ட் ரேஞ்சர் போன்ற நடுத்தர அளவுக்கு இறங்குவது. பெரும்பாலானோர் 'சிறிதாக்குவது' என்று நினைப்பது இதைத்தான். கணக்கில் மிகவும் ஏமாற்றியதும் இதுவே. ஆறு சிலிண்டர், நான்கு சக்கர இயக்கம் கொண்ட 2022 டகோமாவின் கலப்பு மதிப்பு கேலனுக்கு 20 மைல்தான். உயரமான முகப்பு, கரடுமுரடான டயர், நான்கு சக்கர இயக்கத்தின் எடை என எல்லாம் அப்படியே இருக்கும்போது நீளத்தில் சில அடி குறைவதால் மட்டும் எரிபொருள் பெரிதாக மிஞ்சாது. பிக்கப்பின் 18 நடைமுறையில் 17 ஆனதுபோல இதன் 20ஐ 19 என்று வைத்தால், வேலைப் பயணத்தில் மிச்சமாவது ஆண்டுக்கு 86 கேலன், 5 டாலர் விலையிலும் 430 டாலர். புதிய வண்டிக்குக் கையிலிருந்து போட வேண்டியது 10,000 டாலருக்கு மேல்.

இரண்டாம் வழி, போர்ட் 2021இல் அறிமுகப்படுத்திய மேவரிக் என்ற சிறிய பிக்கப். அமெரிக்காவில் சிறிய பிக்கப்புகள் பல ஆண்டுகளாகக் கிடைக்காமல் போனதற்கு, இறக்குமதி லாரிகள் மீது 1964 முதல் இருந்துவரும் 25 விழுக்காட்டுச் சுங்கவரியும் ஒரு காரணம். மெக்சிகோவில் தயாராகும் இந்த வண்டி அந்த இடைவெளியை நிரப்பியது. இதன் ஹைப்ரிட் வகையின் கலப்பு மதிப்பு கேலனுக்கு 37 மைல் என்பதைத்தான் கணவர் மனத்தில் வைத்திருந்தார். ஹைப்ரிட்டின் பலம் நகர ஓட்டத்தில் இருக்கிறது (42), நெடுஞ்சாலையில் 33தான். அவருடைய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலை. அப்படியும் 394 கேலன் மிஞ்சும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஆண்டுக்கான ஹைப்ரிட் முன்பதிவை நிறுவனம் ஜனவரியிலேயே நிறுத்தியிருந்தது; மேலும் அப்போது அது முன்சக்கர இயக்கத்தில் மட்டுமே வந்தது, 2,000 பவுண்டுக்கு மேல் இழுக்காது.

கையில் கிடைத்தது ஹைப்ரிட் அல்லாத, நான்கு சக்கர இயக்கம் கொண்ட வகை. கலப்பு மதிப்பு 25. டீலர் பட்டியல் விலைக்கு மேல் 4,500 டாலர் வைத்து 33,400 கேட்டார். பழையதைக் கழித்தபின் மிஞ்சும் 3,900 டாலர், அதன்மேல் மாநில விற்பனை வரி 6 விழுக்காடு, பதிவுச் செலவு என ஏறத்தாழ 4,500 டாலர் போட வேண்டும். எரிபொருள் மிச்சம் ஆண்டுக்குச் சுமார் 250 கேலன். கேம்பரை விற்றுவிட வேண்டும், ஏனெனில் இழுவைத் தொகுப்புடன் கூட அதன் எல்லை 4,000 பவுண்டு.

மூன்றாம் வழியை முன்வைத்தவர் மனைவி. 'அவர் என் காரை எடுத்துக்கொண்டு போகட்டுமே' என்று, எங்கள் கணக்கில் பெரிதாக ஆர்வம் காட்டாமல், சமையலறையிலிருந்தே சொன்னார். செடான் கணவரின் நெடுஞ்சாலைப் பயணத்தில் கேலனுக்கு 35 மைல் தரும் என்று வைத்தால் 394 கேலன் போதும். பிக்கப் மனைவியின் குறும்பயணங்களில் 14 தந்தால் 286 கேலன் ஆகும். இருவரையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் 280 கேலன். புதிய சிறிய பிக்கப் வாங்கினால் மிஞ்சுவதைவிட இது அதிகம். வாங்கும் செலவோ ஒரு சென்ட்கூட இல்லை.

இந்த இடத்தில் கணவர் தயங்கினார். 17 மைலிலிருந்து 14 மைலுக்கு இறங்குவது வீண் அல்லவா என்றார். கேலனுக்கு எத்தனை மைல் என்று பார்ப்பதால் வரும் குழப்பம் இது. நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்று திருப்பிப் போட்டால் தெளிவாகிவிடும்: 17 என்பது 5.9 கேலன், 35 என்பது 2.9 கேலன், 14 என்பது 7.1 கேலன். அதிக மைல் ஓடுபவரிடம் நூறு மைலுக்கு மூன்று கேலன் குறைகிறது; குறைந்த மைல் ஓடுபவரிடம் நூறு மைலுக்கு மூன்றரைக் கேலன் கூடினாலும், அவர் ஓடுவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2013 மாடலிலிருந்து புதிய வண்டிகளின் ஸ்டிக்கரில் இந்த அளவும் அச்சிடப்படுகிறது; சிறிய எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை.

எடுத்த முடிவு

2022 ஜூன் இறுதியில் டீலரின் சலுகையை விட்டுவிட்டு வண்டிகளை மாற்றி ஓட்டத் தொடங்கினார்கள். முடிவுக்கு அவர்கள் சொன்ன காரணம், இது திரும்பப் பெறக்கூடியது என்பதே. பிடிக்கவில்லையென்றால் மறுநாளே சாவிகளை மாற்றிக்கொள்ளலாம். விற்ற வண்டியை அதே விலைக்குத் திரும்ப வாங்க முடியாது. கரியை இனி லாரியிலேயே இறக்குவது, பெட்ரோல் ரசீதுகளை ஓராண்டுக்குச் சேர்த்துவைப்பது என்ற இரண்டையும் சேர்த்து முடிவுசெய்தார்கள்.

முதல் ஆண்டில் நடந்தவை

கோடையும் இலையுதிர்காலமும் பேசும்படியாக எதுவுமின்றிக் கழிந்தன. கணவருக்கு 36 மைல் வரை கிடைத்தது. இருக்கையின் தாழ்வு முதலில் முதுகை வருத்தியது. ஒரு மெத்தை வாங்கினார். சுங்கச்சாவடிக் கட்டணம் அப்போது இரண்டு வண்டிக்கும் ஒரே வகுப்பில் இருந்ததால் அதில் மாற்றம் ஏதுமில்லை.

சிக்கல் மனைவியின் பக்கத்தில் வந்தது. பள்ளியின் வாகன நிறுத்தம் பழையது, கோடுகள் நெருக்கமானவை. பத்தொன்பது அடிக்கு மேல் நீளமுள்ள வண்டியை அதில் நுழைப்பதற்காகவே அவர் கால் மணி நேரம் முன்னதாகப் புறப்பட வேண்டியிருந்தது. முதல் மாதத்தில் பின் பம்பர் ஒரு விளக்குக் கம்பத்தில் உரசியது. கடுங்குளிர் வந்ததும் எரிபொருள் கணக்கும் இறங்கியது. உறைநிலைக்குக் கீழே குறுந்தொலைவு ஓடும் வண்டியில் இன்ஜினும் எண்ணெயும் முழுச்சூடு அடைவதற்குள் பயணமே முடிந்துவிடும்; மைனஸ் 7 பாகை செல்சியஸில் மூன்று நான்கு மைல் மட்டும் ஓடும் பயணங்களில் சிக்கனம் 24 விழுக்காடு வரை குறையலாம் என்பது அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டுதல். காலையில் பனியைக் கரைக்கப் பத்து நிமிடம் நிறுத்தி ஓடவிட்டதும் சேர, ஆண்டுச் சராசரி நாங்கள் போட்ட 14க்குப் பதிலாக 12.8இல் நின்றது. அதேசமயம், ஜனவரிப் பனியில் அந்தச் சரிவை எந்தத் தவிப்புமின்றி ஏறியது அவருக்கு எதிர்பாராத நிம்மதி. முந்தைய குளிர்காலங்களில் செடானை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடந்து ஏறியிருக்கிறார்.

இப்போது செடான் தினமும் டர்ன்பைக்கில் ஓடியாக வேண்டும் என்பதால் அதற்குக் குளிர்கால டயர்கள் நான்கு வாங்கினார்கள், 620 டாலர். இந்தச் செலவு என் கணக்கிலோ அவர் கணக்கிலோ முதலில் இல்லை.

2023 ஜூன் இறுதியில் ரசீதுகளைக் கூட்டியபோது, கணவரின் பயணத்துக்கு 383 கேலன், மனைவியுடையதற்கு 312 கேலன் எனப் பழைய நிலையைவிட மொத்தத்தில் 265 கேலன் குறைந்திருந்தது. மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் 15 கேலன்தான் குறைவு. ஒருபக்கம் தவறியது மறுபக்கம் ஈடாகிவிட்டது. ஆண்டு முழுவதும் அவர்கள் கொடுத்த சராசரி விலை 3.85 டாலர், எனவே பண மிச்சம் 1,020 டாலர். டயர்களையும், செடானுக்கு அடிக்கடி தேவைப்பட்ட எண்ணெய் மாற்றத்தையும் கழித்தால் முதல் ஆண்டில் கையில் நின்றது 300 டாலர் அளவே. அந்த டயர்கள் நான்கைந்து குளிர்காலம் உழைக்கும். பிக்கப் ஆண்டுக்கு 9,800 மைல் குறைவாக ஓடியதால் அதன் விலையுயர்ந்த டயர்கள் தேயாமல் இருப்பதும் மிச்சம்தான், ரசீதில் மட்டும் தெரியாது.

இரண்டாம் ஆண்டும் அதன் பிறகும்

2023 இலையுதிர்காலத்தில் மனைவி, அதே சாலையில் வசிக்கும் ஓர் ஆசிரியையோடு முறைவைத்துப் பயணிக்கத் தொடங்கினார். நிறுத்துமிடத் தொல்லையும் குறும்பயண எரிபொருளும் ஏறக்குறைய பாதியாயின. எங்கள் விரிதாளில் இருந்த எந்த வழியையும்விட இதுதான் மைலுக்கு மைல் அதிகம் மிச்சப்படுத்தியது. ஆனால் அது வண்டியைப் பற்றிய முடிவே அல்ல.

பெட்ரோல் விலை 3.50 டாலர் அளவுக்கு இறங்கியதும் கணவர் பிக்கப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டார். அந்த விலையிலும் ஆண்டுக்கு 900 டாலர் அளவுக்கு வித்தியாசம் இருந்ததால் பேச்சு அதோடு நின்றது.

2024 வசந்தத்தில் அதே டீலரிடம் மீண்டும் விலை கேட்டபோது பிக்கப்புக்கு 22,800 டாலர் சொன்னார். இரண்டு ஆண்டில் 6,700 டாலர் இறங்கியிருந்தது. அந்த இழப்பு முழுவதையும் இந்த முடிவின் தலையில் கட்டுவது சரியல்ல, ஏனெனில் விற்றிருந்தால் உச்ச விலைக்கே இன்னொன்றை வாங்கியிருப்பார்கள். அதன் விலையும் சேர்ந்தே இறங்கியிருக்கும். ஆனால் ஒரு வழியில் மட்டும் இந்த வாதம் நிற்காது. பிக்கப்பை விற்றுவிட்டு இன்னொரு சிறிய செடானைப் பழையதாக 15,000 டாலருக்கு வாங்கியிருந்தால், 14,500 டாலர் கையில் நின்றிருக்கும். வீட்டின் மொத்தப் பெட்ரோலும் 1,208 கேலனிலிருந்து 675 கேலன் அளவுக்கு இறங்கியிருக்கும். பணத்தை மட்டும் பார்த்தால் 2022 ஜூனில் இருந்த மிகச் சிறந்த வழி இதுவே. அது தாளில் ஒரு வரியாகக்கூட எழுதப்படவில்லை. பெரிய பிக்கப்பா, சிறிய பிக்கப்பா என்று கேள்வி வந்ததால் பதிலும் பிக்கப்புக்குள்ளேயே தேடப்பட்டது.

இதைக் காட்டியபோது கணவர், கேம்பரை விட்டிருக்க மாட்டேன் என்றார். மனைவி அந்தச் சரிவைச் சுட்டிக்காட்டினார். இரண்டும் நியாயமான காரணங்களே. கேம்பரை மூன்று வார இறுதிகளுக்காக வைத்திருக்க இன்னவளவு செலவாகிறது என்று தெரிந்தே அதை வைத்திருப்பது ஒன்று. அதைக் கரியின் பெயரில் நியாயப்படுத்துவது வேறு.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

கதவுத் தூணிலுள்ள பாரத் தாளைப் படிப்பதையும் கேம்பரை எடை மேடையில் ஏற்றுவதையும் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்திருக்க வேண்டும். அவை இரண்டும் சேர்ந்து அரை நாள் வேலை. அதற்குள் மூன்று காரணங்களில் ஒன்று கழன்றுவிட்டது. பிக்கப் வேண்டும் என்பவர்கள் அதற்கான வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி, எதிரே 'இதை வேறு யார், என்ன விலைக்குச் செய்வார்கள்' என்று குறித்தால் பட்டியல் வேகமாகச் சுருங்கும். வாடகைப் பிக்கப்பை இந்த இடத்தில் பலர் சொல்வார்கள். மரப்பலகை, சோபா ஏற்ற அது போதும், ஆனால் சொந்தக் கேம்பரை அதில் கட்டி இழுக்க இவர்கள் விசாரித்த இடத்தில் ஒப்பந்தம் அனுமதிக்கவில்லை.

டீலரின் பத்து நாள் கெடுவை நான் இன்னும் கடுமையாக எதிர்த்திருப்பேன். மாற்றி ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு ஒரு மாதம் போதும். அது குளிர்மாதமாக இருந்தால் இன்னும் நல்லது. கோடையில் மட்டும் ஓட்டிப் பார்ப்பவர்கள் டயர் செலவையும் குறும்பயணச் சரிவையும் காண மாட்டார்கள்.

2024 அக்டோபரில் நிலவரம் இது: செடான் 97,000 மைலை நெருங்குகிறது, பிக்கப் 92,000 மைலைத் தாண்டவில்லை. மகனுக்குப் பதினாறு வயதாகிவிட்டது. பழகுநர் உரிமம் வாங்கிச் செடானில் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். அடுத்த வேனிலுக்குள் மூன்றாவது வண்டி தேவைப்படலாம். அது கணவரின் வேலைப் பயணத்துக்கான ஹைப்ரிட் காராக இருக்க வேண்டும், செடான் மகனுக்குப் போக வேண்டும், பிக்கப் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம் என்பது வரை பேசி முடித்திருக்கிறார்கள். கேம்பரைப் பருவம் முழுவதும் ஒரே முகாமில் நிறுத்திவைக்க என்ன வாடகை என்று மனைவி இரண்டு இடங்களில் விசாரித்திருக்கிறார். பதில் வந்த பிறகு பிக்கப்பின் கணக்கைத் திரும்ப எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.